கருப்பு மை பூசிய பெயர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பானவர்களே,

இந்தக் கடிதத்தை உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தபாலில் போட்டிருக்க வேண்டும். ஆனால் உங்கள் பெயர்கள் என்னிடம் இல்லை. சிலருடைய முதல் பெயர் நினைவிருக்கிறது, அதை வைத்து லண்டனில் ஆளைத் தேட முடியாது.

போன மாதம் என்னை வளர்த்த கவுன்சிலுக்கு (உள்ளூராட்சிச் சபைக்கு) எழுதி என் கோப்பைக் கேட்டு எடுத்தேன். இங்கிலாந்தில் கவுன்சிலின் பொறுப்பில் வளர்ந்த ஒரு பிள்ளையின் கோப்பை, அந்தப் பிள்ளை பிறந்து 75 வருடம் ஆகும்வரை அவர்கள் வைத்திருக்க வேண்டும். என்னுடையது இரண்டு தடித்த கட்டாக வந்தது. அடுத்தவர்களின் பெயர் இருக்கும் இடமெல்லாம் கருப்பு மை. அந்தரங்கம் என்று மறைத்துத் தருகிறார்கள். சரி, அது நியாயம்தான். ஆனால் நான் நன்றி சொல்ல வேண்டிய ஆட்கள் முக்கால்வாசிப் பேர் கருப்புக் கட்டங்களாகிப் போனீர்கள். அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

2007இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை பூட்டியிருந்தது. காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் திருகோணமலை, அங்கிருந்து கொழும்பு, கொழும்பில் மாமாவோடு ஒரு லொட்ஜ். ஜூன் 7ஆம் திகதி லொட்ஜுகளில் இருந்த தமிழரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி அனுப்பியது பலருக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு மாமா பொறுக்கவில்லை. செப்டம்பரில் ஏஜென்சிக்காரன் தந்த பாஸ்போர்ட்டில் எனக்கு வயது 22. லண்டனில் இறங்கியதும் அதை வாங்கிக்கொண்டு, "இதிலயே நில், வாறன்" என்று போனவன் இன்னும் வரவில்லை.

விமான நிலையத்தில் ரெலிபோன் வழியாக ஒருவர் மொழிபெயர்த்தார். வயது என்ன என்று கேட்டார்கள். "பதினாறு நடக்குது" என்றேன். 16 என்று எழுதினார்கள். பிறந்த திகதியைக் கேட்டார்கள். 1992 மார்ச் என்றேன். அப்படிப் பார்த்தால் 15. மீசை வேறு அரும்பியிருந்தது. "முன்னுக்குப் பின் முரண்" என்று தாளில் ஏறிவிட்டது.

அந்த ஒரு எண்ணில் என்ன தொங்கியது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பெரியவன் என்று முடிவானால், பெரியவர்களோடு ஏதோவொரு விடுதி அல்லது தடுப்பு முகாம். பிள்ளை என்று முடிவானால், 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி அந்த இடத்துக் கவுன்சில் வீடு தந்து வளர்க்க வேண்டும். வயதை முகத்தைப் பார்த்து மட்டும் தீர்மானிக்கக் கூடாது, பிள்ளையின் கதையை முழுக்கக் கேட்க வேண்டும், முரண் தெரிந்தால் விளக்கம் சொல்ல இடம் கொடுக்க வேண்டும், முடிவுக்குக் காரணம் எழுத வேண்டும் என்று 2003இல் மேர்ட்டன் கவுன்சில் வழக்கில் உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. நான் தப்பியது அந்தத் தீர்ப்பால் என்று பிறகு ஒரு லோயர் சொன்னார். பாதி உண்மை. மற்றப் பாதி நீங்கள், மொழிபெயர்ப்பாளர் அக்கா.

சின்ன அறை. இரண்டு சோசல் வேர்க்கர்கள், எனக்குத் துணையாக அகதிகள் சபையிலிருந்து ஒருவர், நீங்கள். முதலில் 16 என்றவன் ஏன் இப்போது 15 என்கிறாய் என்று கேட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "பதினாறு நடக்குது எண்டுதானே சொன்னனான்" என்றேன். நீங்கள் உடனே மொழிபெயர்க்கவில்லை. பேனையைக் கீழே வைத்துவிட்டு, இது பையன் சொல்வதல்ல, என் மொழி பற்றிய விளக்கம், சொல்லலாமா என்று கேட்டீர்கள். அவர்கள் தலையாட்டினார்கள். ஒரு தாளில் பென்சிலால் நேர்கோடு இழுத்து, பதினாறு குறுக்குக் கோடு போட்டு, பதினைந்தாவது கோட்டைத் தாண்டி நடுவில் ஓர் அம்புக்குறி வைத்தீர்கள். முடிந்த வயது 15, நடக்கிற வயது 16, இரண்டும் ஒரே பிள்ளைதான் என்றீர்கள். அந்தத் தாளின் போட்டோப் பிரதி கோப்பின் 31ஆம் பக்கத்தில் இருக்கிறது. அதைக் கண்டதும் பக்கத்தைத் திருப்ப முடியாமல் கனநேரம் இருந்தேன்.

(அம்மா மாமா மூலம் என் சாதகக் குறிப்பையும் அனுப்பியிருந்தா. "சோதிட வரைபடம், ஆதாரமாகக் கொள்ளப்படவில்லை" என்று கோப்பில் இருக்கிறது. நட்சத்திரம் பாதத்தோடு எழுதியிருந்தும் இந்த மரியாதை!)

ஆண்டு 10 படித்துக்கொண்டிருந்தேன், அடுத்த வருடம் டிசம்பரில் ஓ லெவல் என்று சொன்னதை வைத்துக் கணக்குப் பார்த்த சோசல் வேர்க்கர், அடுத்த நன்றி உங்களுக்கு. தமிழ்க் குடும்பம் கிடைக்காததால் யமேக்கா அன்ரி ஒருவரின் வீட்டில் விட்டீர்கள். இரண்டாவது கிழமைக் குறிப்பில், "சாப்பிடுகிறான் இல்லை. சோறு வேண்டும் என்று கேட்க வெட்கப்படுகிறான். ரைஸ் குக்கருக்குப் பணம் ஒதுக்கவும்" என்று எழுதியிருக்கிறீர்கள். கீழே மேலதிகாரியின் கையெழுத்து, கடை ரசீது. நான் இவ்வளவு காலமும் அந்தக் குக்கர் அன்ரி வாங்கியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! அன்ரி தேங்காய்ப்பால் விட்டு பீன்ஸோடு சோறு ஆக்கிய அன்று வீடு முழுக்க எங்கள் குசினி மணம். அவவுக்கு நேரில் பல தடவை சொல்லியாயிற்று. இங்கேயும் ஒரு தடவை.

எனக்குக் கிடைத்த விசா பதினேழரை வயது வரைக்கும்தான். முடிவதற்கு முன் திரும்ப விண்ணப்பிக்கச் சொல்லி விடாமல் போன் அடித்த லோயருக்கு நன்றி.

குறையையும் எழுதத்தான் வேண்டும். பதினெட்டு முடிந்த கிழமையே அன்ரி வீட்டிலிருந்து எடுத்து, பூஞ்சணம் பிடித்த ஒரு பகிர்வு வீட்டில் போட்டார்கள். இப்படி வளர்ந்து வெளியேறும் பிள்ளைகளுக்குக் கவுன்சில் ஓர் ஆலோசகரை வைக்கும். எனக்கு ஒரு வருடத்தில் மூன்று பேர் மாறினார்கள். மூன்றாவதாக வந்தவர், நீங்கள், படிப்பு முடியும்வரை கவுன்சிலுக்குப் பொறுப்பு இருக்கிறது என்று சண்டை பிடித்து என்னைக் கல்லூரியில் நிறுத்தினீர்கள். நீங்கள் அடிக்கடி சொன்ன "ஹிலிங்டன் தீர்ப்பு" என்ன என்று இப்போதுதான் வாசித்தேன். தனியாக வந்த பிள்ளைகளுக்கு வீடு கொடுத்துவிட்டு, அது சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவின் பொது உதவி மட்டுமே, 20ஆம் பிரிவின் பொறுப்பல்ல, 18 வந்ததும் எங்கள் கணக்கு முடிந்தது என்று கவுன்சில்கள் தட்டிக்கழிக்க முடியாது என்று ஆக்கியது 2003இல் வந்த அந்தத் தீர்ப்புத்தான்.

கோப்பை வாசிக்கும்போது ஹோட்டல் பிள்ளைகளின் நினைவு வந்துகொண்டே இருந்தது. 2021 நடுப்பகுதியிலிருந்து 2024 ஜனவரி வரை, படகில் தனியாக வந்த பிள்ளைகளை உள்துறை அமைச்சு ஹோட்டல்களில் வைத்திருந்தது. படகுகள் வந்து சேரும் கரையோரத்துக் கென்ட் கவுன்சில் தன்னால் இனி ஏற்க முடியாது என்றது. மற்றக் கவுன்சில்கள் பங்கெடுக்கும் திட்டம் 2016இலேயே தொடங்கியும், 2021 கடைசியில்தான் அது கட்டாயமானது. ஹோட்டல்களிலிருந்து போன 200 பிள்ளைகளை இன்னும் காணவில்லை என்று 2023 ஜனவரியில் அமைச்சரே பாராளுமன்றத்தில் சொன்னார். அந்த ஜூலையில் உயர் நீதிமன்றம் ஹோட்டல் ஏற்பாடும் பிழை, கென்ட் பிள்ளைகளை ஏற்காததும் பிழை என்றது. ஹோட்டலில் காவலாளி இருந்தார், தாதி இருந்தார் என்கிறார்கள். இருந்திருக்கலாம். ஒரு பிள்ளை சாப்பிடவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று சட்டத்தில் ஒரு பெயர் இருக்கவில்லை. என் கோப்பில் அந்த இடத்தில் ஒரு பெயர் இருந்தது. இப்போது மை பூசியிருக்கிறது, அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பாளர் அக்கா, உங்களுக்கு இப்போது அறுபது தாண்டியிருக்கலாம். யாராவது இதை உங்களுக்கு வாசித்துக் காட்டினால், பென்சில் கோட்டை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு இப்போது மகள் இருக்கிறாள். வயது கேட்டால், "ஃபோர்" என்கிறாள். "ஐஞ்சு நடக்குது எண்டு சொல்லு" என்று பழக்கிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
பதினாறு நடந்த தம்பி