செயலாளர் ஆண்டறிக்கை: தனுஷ்கோடி ரயில் நிலையம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். தனுஷ்கோடிக்கு வருவோருக்கான துண்டறிக்கையைத் திருத்துவதிலேயே இவ்வாண்டு கழிந்தது. திருத்தியவற்றை இங்கே பதிகிறேன்.

இலங்கைக்கு நேரே ரயில் ஓடியதாகப் பலரும் சொல்கிறார்கள். ஓடவில்லை. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறந்தபின், சென்னையிலிருந்து வந்த போட் மெயில் ரயில் தனுஷ்கோடித் துறைமுகம் வரைதான் ஓடியது. பயணிகள் இறங்கிக் கப்பலேறி, தலைமன்னாரில் வேறு ரயில் பிடித்தார்கள். தண்டவாள அகலமும் வேறு: இக்கரையில் மீட்டர் கேஜ், 1000 மி.மீ.; அக்கரையில் அகலப் பாதை, 1676 மி.மீ. பெட்டியைக் கப்பலில் ஏற்றியிருந்தாலும் அங்கே உருண்டிருக்காது.

1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் போனது போட் மெயில் அல்ல, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்த 653 எண் பாசஞ்சர். ஊரை எட்டும் முன்பே அலை அதை மூடியது. உள்ளே இருந்தவர்கள் நூற்றுக்கும் மேல்.

அந்தப் புயலில் பாம்பன் பாலம் முழுவதும் விழுந்ததாகச் சொல்வதும் சரியில்லை. தூண்களின் மேல் கிடந்த இரும்பு உத்தரங்களான 145 கர்டர்களில் 126 கடலுக்குள் போயின. கப்பலுக்காகத் திறக்கும் நடுப்பகுதி நின்றது. விழுந்த கர்டர்களைத் தேடித் தூக்கி, ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சீராக்கினார்கள். தனுஷ்கோடிப் பாதைக்கு அந்த யோகம் இல்லை. குடியிருக்கத் தகாத ஊர் என அரசு அறிவித்துவிட்டது. ஊரும் துறையும் போன இடத்துக்கு யார் தண்டவாளம் போடுவார்கள்? பின்னாளில் இலங்கைக் கப்பல் ராமேசுவரத்திலிருந்து புறப்பட்டது.

பழைய பாதையை ராமேசுவரத்திலிருந்து தேடுவோர் ஏமாறுவார்கள். அது பாம்பன் ஜங்ஷனிலேயே பிரிந்தது. 2019இல் அடிக்கல் நாட்டிய சுமார் 17 கி.மீ. புதிய தனுஷ்கோடிப் பாதைத் திட்டம்தான் ராமேசுவரத்திலிருந்து தொடங்குவதாக இருந்தது. இன்னொன்று: படமெடுக்கிறவர்கள் பலர் நிலையம் என்று காட்டுவது தேவாலயத்தை.

இனி இடிந்த நிலையத்தின் சுவர்கள். 2017இல் தீவின் கோடியான அரிச்சல்முனை வரை சாலை வந்தபின் கூட்டம் பெருகியது. சுவரில் ஏறி நிற்பதும் பெருகியது. ஆனால் பெரிய எதிரி உப்புதான். உப்பு ஈரம் சுண்ணாம்புச் சாந்துக்குள் ஊறும்; வெயிலில் நீர் காய்ந்ததும் உப்பு மணியாகித் திரண்டு, கல்லை உள்ளிருந்தே பெயர்க்கும். பெயர்ந்த இடத்தில் சிமென்ட் பூசுவது நல்லெண்ணம்தான், விளைவு நேர்மாறு. சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. பக்கத்துக் கல் முன்னிலும் வேகமாய் உதிரும். சுண்ணாம்புச் சாந்துதான் பொருந்தும். மணலை நல்ல தண்ணீரில் பலமுறை அலச வேண்டும். கரை மணலை அப்படியே அள்ளிக் குழைத்தால் உப்பை நாமே உள்ளே வைத்துப் பூசுகிறோம். அலசும் தண்ணீருக்கு மணலில் ஆழமில்லாத ஊற்று தோண்டினால் போதும். மழைநீர் உப்புநீருக்கு மேலேதான் நிற்கும். ஆழம் போனால் கரிக்கும்.

சிமென்ட் பூச்சைத் தவிர்க்குமாறு உரிய துறைக்கு எழுதிய கடிதம் இத்துடன் உள்ளது. உறுப்பினர்கள் ஒப்புதல் தந்தால் நாளையே அனுப்பலாம்.

செயலாளர்