பாதிப் படத்துக்கு முழு விலையா?

மதிப்பிற்குரிய பதிப்பகத்தாருக்கு,

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க நிலக்காட்சி ஓவியங்களைப் பற்றி நீங்கள் போட்ட நூலைத்தான் சொல்கிறேன். தாமஸ் கோல் 1836-ல் வரைந்த 'ஆக்ஸ்போ' அதில் இருக்கிறது, இடது பாதி மட்டும். இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை. அதனால் இந்தத் திறந்த மடல்.

இடது பக்கம் மழைமேகம், முறிந்த மரம், இருண்ட காடு. வலது பக்கம் வெயில், வளைந்தோடும் கனெக்டிகட் ஆறு, உழுத வயல்கள், புகை. காட்டையும் ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் அந்த ஓவியமே.

'இரண்டுக்கும் நடுவே கோல் தன்னையும் வரைந்திருக்கிறார், தேடிப் பாருங்கள்' என்று உங்கள் கட்டுரையே சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பில் பிள்ளைகளைத் தேடச் சொன்னேன். பூதக்கண்ணாடியை மாற்றி மாற்றி வாங்கி அரைமணி நேரம் தேடினார்கள். ஒரு சிறுமி பாறை ஒன்றைக் காட்டி, "இவர்தானா சார்?" என்றாள். ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், மனம் வரவில்லை. தொப்பியோடு உட்கார்ந்து வரைந்தபடி நம்மைத் திரும்பிப் பார்க்கும் அந்த மனிதர் உங்கள் கத்தரிக்கோலில் போய்விட்டார்.

தயவுசெய்து முழுப் படத்தையும் அச்சிடுங்கள்.

ஜார்ஜ் இன்னஸ் 1856 வாக்கில் லக்கவானா பள்ளத்தாக்கை வரையக் காசு கொடுத்தது ஒரு ரயில் கம்பெனி. அந்தப் படத்தில் ரயிலுக்கு முன்னால் நிலமெங்கும் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள். விளம்பரத்துக்குக் காசு கொடுத்தவர்கள் வாங்கிய படத்திலேயே அவை இன்றும் இருக்கின்றன. உங்களுக்கு மட்டும் என்ன கூச்சம்? ஆல்பர்ட் பியர்ஸ்டாட்டின் ராக்கி மலை ஓவியம் 1863-ல் வந்தது. அதன் கீழ்ப்பகுதியில் ஷோஷோனி என்னும் அமெரிக்கப் பழங்குடி மக்களின் முகாம். நீங்கள் தலைப்புப் பட்டையை ஒட்டியிருப்பது சரியாக அதன் மேல்தான். அதே ஆண்டு ஜனவரியில் பேர் (Bear) என்னும் ஆற்றின் கரையில் ஷோஷோனி மக்களை நூற்றுக்கணக்கில் கொல்ல அமெரிக்க அரசுக்கு ஒரு படை தேவைப்பட்டது. உங்களுக்கு ஒரு பட்டையே போதுமாக இருந்திருக்கிறது. அப்புறம் படத்தின் கீழே 'மனிதர் காலடி படாத இயற்கை' என்று ஒரு வரி வேறு.

சரி, கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நல்ல தாள், நல்ல அச்சு, அதில் குறையே இல்லை. அடுத்த பதிப்பில் முழுப் படத்தையும் போடுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். ஒரு பக்கத்தில் அடங்காவிட்டால் இரண்டு பக்கத்துக்கு விரித்துப் போடலாம். மடிப்பு மட்டும் கோலின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
முழு விலை கொடுத்து வாங்கிய வாசகன்