எசேக்கியேல் வேறு, எசேக்கியா வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஆண் குழந்தைகளுக்கான பெயர்ப் பட்டியல் ஒன்று போட்டிருந்தீர்கள். அதில் ஒரு வரி: "யாக்கோபு, எசேக்கியேல் போன்ற தாத்தா காலத்துக் கொச்சைப் பெயர்களைத் தவிர்த்து ஜேக்கப், எசேக்கியா என்று ஸ்டைலாக வைக்கலாம்."

ஸ்டைல் எங்களுக்குத் தெரியாது, மன்னிக்கவும். ஆனால் எசேக்கியேலை எப்படி இஸ்திரி போட்டாலும் எசேக்கியா வரமாட்டார். முன்னவர் பாபிலோன் சிறையிருப்பில் இருந்த தீர்க்கதரிசி. பின்னவர் அதற்கு ஏறக்குறைய நூறு வருடம் முந்திய யூதாவின் ராஜா. ஆயுசில் பதினைந்து வருடம் கூட்டி வாங்கினாரே, அவர். ஆங்கிலத்தில் தீர்க்கதரிசி ‘ஈ’யில் தொடங்கி ‘எல்’லில் முடிவார். ராஜா ‘ஹெச்’சில் தொடங்கி ‘ஹெச்’சிலேயே முடிவார். உங்கள் பட்டியலைப் பார்த்து ஒருவர் தமிழில் ராஜாவையும் ஆங்கிலத்தில் தீர்க்கதரிசியையும் பதிந்துவிட்டால், அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் தொடங்கி பாஸ்போர்ட் வரை இரண்டு ஆளாக அலைய வேண்டியதுதான்.

‘கொச்சை’க்கு வருகிறேன். எபிரேயத்தில் இந்தப் பெயர்கள் ‘ய’வில்தான் தொடங்குகின்றன: யாக்கோவ், யோனா, யோவேல். 1611இல் அச்சான ஆங்கில வேதாகமத்தில்கூட யாக்கோபின் முதலெழுத்து ‘ஐ’தான், ‘ஜே’ இல்லை. மூலத்துக்குப் பக்கத்தில் நிற்பது எங்கள் பாட்டாமார் வைத்த யாக்கோபு. சுற்றிவளைத்து வந்தது உங்கள் ஜேக்கப்.

இது முதல் தடவையும் அல்ல. யோஹன்னான், சாக்கோ, பத்ரோஸ் என்று எங்கள் குமரி மாவட்டத்து விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பெரியவர்களின் பெயர்களைப் பார்த்துவிட்டு அவர்களை மலையாளிகள் என்று முன்பு எழுதினீர்கள். 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது, ஐயா. பத்திரங்கள் மலையாளத்தில் இருந்தன, பெயர்களும் அந்த உச்சரிப்பில் ஏறின. யோஹன்னான் சுரியானி மொழி வழி வந்த யோவான். சாக்கோ அதே யாக்கோபு. 2022 மே மாதம் நட்டாலத்து நீலகண்டன் என்ற தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கிடைத்தபோது, தேவசகாயம் என்பது பைபிளில் இல்லாத பெயர் என்று பெட்டிச்செய்தி போட்டீர்கள். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானத்தின்போது அவருக்குச் சூட்டியது லாசரு என்ற பெயரின் தமிழ். லாசரு, எலெயாசார் இரண்டுக்கும் ‘கடவுள் துணைசெய்தார்’ என்றுதான் பொருள். பவுல் சின்னப்பரானதும், யோவான் அருளப்பரானதும் இதே வழியில். குழித்துறையில் வெள்ளம் வந்தாலும் வள்ளுவர் சிலைப் படத்தையே போடும் பத்திரிகையிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது எங்கள் தப்பு.

பட்டியலின் பொருள் விளக்கம் இன்னும் மோசம். யாபேஸ் என்றால் ‘செழிப்பு’ என்கிறீர்கள். துக்கத்தோடே பெற்றதால் தாய் வைத்த பெயர் அது. 1 நாளாகமம் 4:9ஐத் திறந்து பார்த்தால் தெரிந்திருக்கும். செழிப்பு அவர் பிறகு ஜெபித்துக் கேட்டது. எபனேசர் ‘மாவீரன்’ இல்லை, ஆளே இல்லை. மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவே சாமுவேல் நிறுத்திய கல். கல்லின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கலாம், தாராளமாக வைத்துமிருக்கிறோம்; வீரன் என்று சொல்லி வைக்க வேண்டாம். எலியா என்றால் வகுப்பில் பையன்கள் ‘எலி’ என்பார்கள் என்று எச்சரித்திருக்கிறீர்கள். அது ஒன்று சரி.

பழைய பெயர் வைப்பவருக்கு உண்மையில் சிக்கல் வரும் இடங்களைத்தான் நீங்கள் தொடவே இல்லை. பதிவு செய்யும் இடத்தில் ஆங்கில எழுத்தை வைத்துத் தமிழை ஊகித்து அடித்தால் ஏசாயா ‘இசையா’ ஆகிவிடும். ஆகவே வாயால் சொல்லாமல், தமிழிலும் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஞானஸ்நானப் பதிவேட்டிலும் அதே தாளைப் பார்த்தே எழுத வேண்டும். அப்பா சி.எஸ்.ஐ., அம்மா கத்தோலிக்கம் என்றால் கூடுதல் கவனம் தேவை: சி.எஸ்.ஐ.யார் படிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் ஏசாயா, தீமோத்தேயு, கத்தோலிக்கர் படிக்கும் 1995இன் திருவிவிலியத்தில் எசாயா, திமொத்தேயு. எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். இனிஷியலையும் இப்போதே யோசிப்பது நல்லது. தமிழில் யாக்கோபு, ஆங்கிலத்தில் ‘ஜே’ என்று எழுதினால் நாளை அவன் பிள்ளைகளுக்குத் தமிழில் ‘யா’வும் ஆங்கிலத்தில் ‘ஜே’யும் வரும். ஒவ்வொரு மேசையிலும் விளக்கம் சொல்ல வேண்டும். ‘ஒய்’ போட்டுத் தொடங்கினால் அந்தத் தொல்லை இல்லை.

"பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று வேறு ஆறுதல் சொல்கிறீர்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் இல்லாமல் பதிந்திருந்தால் 12 மாதம் வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குமேல் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு. பிறப்புப் பதிவேட்டில் ஏறிவிட்ட பெயரில் எழுத்துப்பிழையைத் திருத்தலாமே தவிர, ஆசைக்கு வேறு பெயர் மாற்ற முடியாது. 2023 அக்டோபர் 1ஆம் தேதியோ அதற்குப் பின்போ பிறந்த பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் வாக்காளர் பட்டியல் வரை பிறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை. வீட்டில் பிள்ளையை எங்கள் ஊர் வழக்கப்படி எப்படியும் ‘மக்களே’ என்றுதான் கூப்பிடப் போகிறோம். காகிதத்தில் இருப்பதுதான் அவனோடு கடைசிவரை வரும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த ஞாயிறு நான்கு வரித் திருத்தம்: எசேக்கியேல் வேறு, எசேக்கியா வேறு, யாபேஸின் பொருள், 21 நாள், 12 மாதக் கணக்கு. ராசிபலனுக்கு ஒதுக்கும் இடத்தில் கால்வாசி போதும்.

இப்படிக்கு,
சபைப் பதிவேடு எழுதும் ஒரு வாசகர்,
தக்கலை.