பாஸ்புக்கும் தண்டல் அட்டையும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வழக்கமாக மார்க்கு, லீவு, சீருடை பற்றித்தான் எழுதுவேன். இந்த முறை பணம் பற்றி. எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் பிள்ளையை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்களும் அப்படியே கேட்டால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

போன மாதம் பிளஸ் டூ மாணவன் ஒருவன் என் அறை வாசலில் வந்து உள்ளே வராமல் நின்றான். உதவித்தொகைக்காக நாங்கள் சொல்லித் தொடங்கிய வங்கிக் கணக்கு அவனுடையது. தெரிந்த அண்ணன் ஒருவர், "ரெண்டு நாளைக்கு ஏடிஎம் கார்டையும் சிம்மையும் குடு, எனக்கு ஒரு பணம் வர வேண்டியிருக்கு" என்று கேட்டிருக்கிறார். கைமேல் 2,000 ரூபாய். கொடுத்துவிட்டான். அதன் வழியாக வந்து போனது, எங்கோ யாரோ ஏமாந்து தொலைத்த பணம். வேறு மாநிலத்துப் புகாரில் இப்போது கணக்கு முடங்கிக் கிடக்கிறது.

பையன் நல்லவன். நம் பேரில் இருக்கும் கணக்கை வாடகைக்கு விடுவது வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம் என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. ஆதார் நகல் வாங்கினோம், போட்டோ வாங்கினோம், பாஸ்புக் முதல் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் வைத்தோம். எங்கள் வேலை அதோடு முடிந்தது என்று நினைத்துவிட்டோம்.

இது ஒரு பிள்ளையோடு நிற்கிற விஷயம் இல்லை. 6-ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கப் போகும் பெண்களுக்கு 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். மூன்று வருடப் படிப்பு என்றால் 36,000 ரூபாய், நேராக அவர்கள் கணக்குக்கே. வீட்டில் முடை என்றால் அதை எடுத்துச் செலவழிக்கத்தான் செய்வீர்கள். கூடாது என்று சொல்ல நான் யார்? எடுக்கும்போது பிள்ளையிடம் சொல்லிவிட்டு எடுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

நான் வளர்ந்த வீட்டில் காலண்டருக்குப் பின்னால் ஒரு ரோஸ் கலர் அட்டை செருகியிருக்கும். தண்டல் அட்டை. சாயங்காலமானால் சைக்கிளில் ஒருவர் வருவார், அம்மா 10 ரூபாய் கொடுப்பார், ஒரு கட்டத்தில் கையெழுத்து விழும். என்னவென்று கேட்டால், "உனக்கெதுக்கு, போய்ப் படி."

படித்துக் கணக்கு டீச்சரான பிறகு ஒருநாள் அந்த அட்டையைக் கரும்பலகையில் போட்டுப் பார்த்தேன். 1,000 ரூபாய் தண்டலில் கைக்கு வருவது 850. தினம் 10 ரூபாய், 100 நாள். 150 ரூபாய்தானே போகிறது என்று தோன்றும். ஆனால் முதல் நாளே திருப்பிக் கட்ட ஆரம்பித்துவிடுகிறோம். 100 நாளும் சராசரியாக நம்மிடம் இருக்கும் பணம் 850-இல் பாதி, 425. அதற்குத்தான் 150 ரூபாய். கணக்குப் போட்டால் மாதத்துக்கு நூற்றுக்கு ஏறக்குறைய பத்து ரூபாய் வருகிறது. வங்கி நகைக்கடனில் வருடத்துக்கு ஆகிற வட்டி இங்கே ஒரு மாதத்துக்கு! பத்து வட்டி என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அம்மா வாங்கியிருக்கவே மாட்டார். அவசரத்துக்கு வாங்கியிருந்தாலும் தெரிந்து வாங்கியிருப்பார்.

எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்தில் தனிவட்டியும் கூட்டுவட்டியும் வருகின்றன. இந்த வருடம் அந்தப் பாடத்துக்கு உதாரணம் எல்லாம் நம் ஊர்க் கணக்குகள்: தண்டல், நகைக்கடன், தவணையில் வாங்கும் போன், தீபாவளிச் சீட்டு. உங்கள் வீட்டில் எவ்வளவு கடன் என்று வகுப்பில் யாரும் கேட்க மாட்டார்கள். எந்த ஆசிரியராவது கேட்டால் நேராக என்னிடம் வாருங்கள்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. நம் ஊரில் பாதிப் பேருக்குப் பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம். அன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு பிள்ளையிடம் ஒரு 40 பக்க நோட்டைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். வந்தது எவ்வளவு, வாடகை, கேஸ், மளிகை, பெட்ரோல், சீட்டு எவ்வளவு. டாஸ்மாக் என்று ஒரு வரி இருந்தால் அதையும் எழுதட்டும். (இந்த இடத்தில் சில அப்பாக்கள் இருமுவது எனக்குக் கேட்கிறது.)

"கஷ்டத்தையெல்லாம் பிள்ளைங்ககிட்ட சொன்னா மனசு சங்கடப்படுமே டீச்சர்" என்று ஒரு அம்மா கேட்டார். சங்கடம் ஏற்கெனவே இருக்கிறதம்மா. சுற்றுலா அறிவிப்பு வாசித்து முடிப்பதற்குள், "எனக்கு பஸ் ஒத்துக்காது மிஸ்" என்று முந்திக்கொண்டு சொன்ன ஏழாம் வகுப்புப் பெண்ணை எனக்குத் தெரியும். தினமும் பள்ளிக்கு பஸ்ஸில்தான் வருகிறாள்.

கணக்கு இல்லாத பிள்ளைகளுக்கு: பத்து வயது நிறைந்தால் அஞ்சலகத்தில் 500 ரூபாயில் தன் பேரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே கையெழுத்துப் போட்டு நடத்தலாம். வங்கிகளும் இதை அனுமதிக்கலாம் என்று 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வீட்டில் பத்து வயதுக்குக் கீழே பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் சேமிப்புத் திட்டம் பற்றி அஞ்சலகத்தில் கேளுங்கள். வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்டினால் போதும்.

கார்டு, ரகசிய எண், ஓடிபி, சிம் எதையும் சொந்த மாமாவே கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று பிள்ளையிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். பணம் பறிபோனால் அழுதுகொண்டிருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். அடித்துவிடுவீர்களோ என்று பயந்து அந்தப் பையன் ஒன்பது நாள் வீட்டில் சொல்லவில்லை.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்குப் பெற்றோர் கூட்டம். சனிக்கிழமை வைத்தால் யாரும் வருவதில்லை என்பதால் ஞாயிறு. பிள்ளையின் பாஸ்புக்கை எடுத்து வாருங்கள்; என்ட்ரி போட்டு நாளாகியிருந்தால் அதற்குள் போட்டுவிடுங்கள். தண்டல் அட்டை இருந்தால் அதையும் கொண்டு வரலாம். பேரை மறைத்துக்கொள்ளுங்கள், கரும்பலகையில் கணக்கு நான் போடுகிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை