வேரா மோல்னாருக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

கணினியில் நிரல் எழுதிப் படம் வரைகிற எங்களுக்கெல்லாம் வேரா மோல்னார்தான் முன்னோடி. 1924-ல் புடாபெஸ்ட்டில் பிறந்தவர், 1947-ல் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தவர். நூறாவது பிறந்தநாளுக்குச் சில வாரங்களே இருந்தபோது, 2023 டிசம்பரில் காலமானார். அவருக்கான புகழ்மாலைகள் ஏற்கெனவே நிறைய விழுந்துவிட்டன. இந்த மடல் அவருக்குக் கைகொடுத்தவர்களுக்கு.

முதலில், 1968-ல் பாரிஸில் ஓர் ஆய்வுக்கூடத்துக் கணினியில் அவருக்கு இடம் கொடுத்தவர்களுக்கு. விஞ்ஞானக் கணக்குகளுக்கென்று வாங்கிய இயந்திரத்தில், சதுரங்களைக் கலைத்துப் பார்க்க ஓர் ஓவியருக்கு நேரம் ஒதுக்குவது அன்றைக்குச் சின்ன விஷயமில்லை. அவரும் வெறுங்கையோடு போகவில்லை. 1959 முதலே விதிகளை எழுதிவைத்து, அவற்றைத் தன் கையாலேயே ஒவ்வொன்றாக நிறைவேற்றிப் படம் போட்டுக்கொண்டிருந்தார். அதற்குக் 'கற்பனை இயந்திரம்' என்று பெயரும் வைத்திருந்தார். நிஜ இயந்திரம் கிடைத்ததும் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியைக் கற்று, துளையிட்ட அட்டைகளில் கட்டளைகளைக் கொடுத்தார். ஆரம்பத்தில் திரை கிடையாது. கணினி சொல்கிறபடி பேனாவால் கோடு போடும் கருவியான பிளாட்டரின் பேனா தாளில் ஓடிய பிறகுதான் என்ன வந்திருக்கிறது என்றே தெரியும். கலையிலிருந்து மனிதனை விரட்டுகிறார் என்ற ஏச்சு வேறு!

அந்தக் காலத்துப் படவரிசை ஒன்று, 'இன்டெரப்ஷன்ஸ்', அதாவது 'இடைமுறிவுகள்'. வரிசையாகக் குட்டிக் குட்டிக் கோடுகள். ஒவ்வொன்றும் தற்செயலான ஒரு கோணத்தில் திரும்பியிருக்கும். அப்புறம் அங்கங்கே சில கோடுகளை எடுத்துவிடுவார். எனக்கு அந்தப் படத்தில் பிடித்ததே அந்த ஓட்டைகள்தான். மீதிக் கோடுகள் நெல்வயல்போல் அசைவதாகத் தெரிவது அவற்றால்தான். சில தாள்களின் இரு ஓரங்களிலும், இயந்திரம் தாளைப் பிடித்து இழுப்பதற்கான துளைகள் அப்படியே இருக்கின்றன.

அடுத்த நன்றி அவருடைய அம்மாவுக்கு. மகளுக்கு வாரம் ஒரு கடிதம் எழுதியவர். வரியின் இடப்பக்கம் எழுத்து ஒழுங்காக நிற்குமாம். வலப்பக்கம் போகப்போகப் பதற்றமாகிவிடுமாம். வயது ஏற ஏற அந்த நடுக்கம் தாள் முழுக்கப் பரவியது. அந்தக் கையெழுத்தின் போக்கை மோல்னார் நிரலாக்கினார். 'என் அம்மாவின் கடிதங்கள்' என்ற அந்த வரிசையில் ஒரு சொல்லையும் படிக்க முடியாது. ஆனாலும் கடிதம் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். கணினிப் படத்தில் உயிரில்லை என்பவர்களிடம் நான் நீட்டுவது இதைத்தான்.

புடாபெஸ்ட்டிலிருந்து கூடவே வந்து, காட்சியுணர்வு ஆராய்ச்சியில் இறங்கிய கணவர் பிரான்சுவாவுக்கும் நன்றி. 2022-ல், மோல்னாருக்கு 98 வயதானபோது, வெனிஸ் பினாலே என்ற உலகக் கலைவிழாவின் முதன்மைக் கண்காட்சிக்கு அவர் படைப்புகளைக் கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி. கொஞ்சம் முன்னாடியே செய்திருக்கலாம், சரி.

பிராசஸிங், பைத்தான் ஆகிய இன்றைய நிரல்மொழிகளில் அவர் படங்களைத் திரும்ப எழுதிப் பார்த்து, அந்த நிரலைப் பூட்டிவைக்காமல் எல்லோருக்கும் தந்தவர்களுக்குத் தனி நன்றி. எங்களில் பலர், ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டும் சுழற்சியையும் தற்செயல் எண்களையும் கற்றதே உங்களிடம்தான்.

பழைய பிளாட்டர் படங்களைப் பாதுகாத்து வைத்திருப்பவர்களுக்கு, நன்றியோடு ஒரு வேண்டுகோளும் உண்டு: படத்துக்கு மரச்சட்டம் மாட்டும்போது ஓரத்துத் துளைகளை வெட்டிவிடாதீர்கள்.

அன்புடன்,
நிரலால் வரையும் ஒருவன்