மூன்று அறையும் ஒன்றாய்க் கூப்பிட்டால்

அன்புள்ள மகளுக்கு,

உன் பல் கிளினிக்கில் ஒவ்வொரு நாளும் பிந்துகிறது என்று ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொல்லி நீ கேட்டாய்: "அம்மா, நான்தான் மெதுவோ?" அப்பா பக்கத்தில் நின்று சட்பரியில் பனி எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டிருந்தபடியால் வடிவாகக் கதைக்க ஏலாமல் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன். ஸ்காபரோவில் அத்தனை வருசம் பல்லுத் துப்புரவு செய்கிற ஹைஜீனிஸ்ட்டாக வேலை செய்தவள், டொக்டர் எப்போது வருவார் என்று கதவைப் பார்த்துக்கொண்டு நின்றவள் சொல்கிறேன் என்று வாசி.

நீ மெதுவில்லை. அந்தக் கிளினிக்கை உனக்கு விற்ற பழைய டொக்டரின் அட்டவணைதான் பிழை. மூன்று ஹைஜீனிஸ்ட்டும் ஒன்பது மணிக்குத் தொடங்கினால் மூன்று பேரும் ஒன்பது ஐம்பதுக்குத்தான் பரிசோதனைக்கு உன்னைத் தேடுவார்கள். ஆளுக்கு எட்டு நிமிசம் போட்டாலும் மூன்றாவது அறையை விட்டு நீ வெளியே வரும்போது பத்தேகால். பத்து மணிக்கு வந்தவர் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறார், உன் கதிரையில் விறைப்பூசி போட்டவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். இதை நீ ஓடி ஓடிச் சரிக்கட்ட ஏலாது. ஒரு அறை எட்டு நாற்பதுக்கு, ஒன்று ஒன்பதுக்கு, ஒன்று ஒன்பது இருபதுக்குத் தொடங்கட்டும். அவர்கள் கூப்பிடும் நேரம் தானாகவே விலகிவிடும்.

அதைவிட முக்கியம், பரிசோதனையைக் கடைசியில் வைக்காதே. துப்புரவு முடிந்து, மினுக்கி, ஃபுளோரைட்டும் பூசின பிறகு டொக்டர் வரவேண்டும் என்பது வெறும் பழக்கம். ஹைஜீனிஸ்ட் முதல் பதினைந்து இருபது நிமிசத்தில் மருந்து விபரம் கேட்டு, இரத்த அழுத்தம் பார்த்து, பல்லுக்கும் முரசுக்கும் இடையிலுள்ள ஆழத்தை அளந்து முடித்துவிடுவாள். அப்போதிருந்து கடைசிப் பத்து நிமிசம் வரைக்கும் எப்போது வேண்டுமானாலும் நீ உள்ளே போகலாம். அந்த இடைவெளிக்குள் உனக்கு ஒரு ஓய்வு கிடைக்காமல் போகாது. நீ வரும் வரைக்கும் அவளும் சும்மா நிற்கத் தேவையில்லை, பல்லில் பிடித்த கல்லைச் சுரண்டிக்கொண்டிருப்பாள். துப்புரவுக்கு நாங்கள் பதினைந்து நிமிசத்தை ஒரு அலகாகக் கணக்கெழுதுகிறவர்கள் என்பது உனக்குத் தெரியும். வாசலைப் பார்த்து நின்ற பதினைந்து நிமிசத்தை யாரிடம் எழுதுவது?

எக்ஸ்ரேக்கும் அதுதான் நல்லது. நான் வேலை செய்த காலத்தில் ஒன்ராறியோவில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லும் உரிமை ஹைஜீனிஸ்ட்டுக்கு இருக்கவில்லை. டொக்டர்தான் ஆளைப் பார்த்து எழுதவேண்டும். கடைசியில் வந்து "இந்தப் பக்கம் ஒரு படம் எடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிற டொக்டரால் அந்த நாள் முழுக்கப் பிந்தும். நடுவில் வந்து சொன்னால் அவள் எடுத்து வைப்பாள், நீ அடுத்த அறைக்குப் போகிற வழியில் திரையில் பார்க்கலாம்.

கல்லும் ஊத்தையும் கிடக்க எப்படிச் சூத்தை தெரியும் என்று நீ கேட்பாய். கல்லு மொத்தமாய்ப் பிடித்த ஆட்களுக்கு அது சரி. அவர்களைப் பிந்திப் பார், ஹைஜீனிஸ்ட்டே சொல்லுவாள். ஆறு மாதத்துக்கு ஒருக்கா ஒழுங்காக வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தக் கரைச்சல் இல்லை. முரசின் உண்மையான கோலமும் துப்புரவுக்கு முன்னம்தான் தெரியும்; சுரண்டின பிறகு எல்லா வாயிலும்தான் இரத்தம்.

உன் கதிரையிலிருந்து எப்போது எழும்புவது என்பதை நீதான் பழகவேண்டும். கீழ்த்தாடைக்கு ஊசி போட்டால் விறைக்க எப்படியும் ஐந்து நிமிசம் வேண்டும். அது உனக்குக் கிடைத்த நேரம். ஆனால் ஊசி போட்ட ஆளைத் தனிய விட்டுவிட்டுப் போகாதே, உதவியாள் பக்கத்தில் இருக்கவேண்டும். சூத்தையை எடுத்து முடித்த இடத்திலும் எழும்பலாம். பல்லில் அமிலம் வைத்துக் கழுவி, பசை பூசுகிற நேரத்தில் யார் கூப்பிட்டாலும் அசையாதே. எச்சில் பட்டால் அந்த ஃபில்லிங் நிற்காது, அதைத் திரும்பச் செய்யப்போகிறவளும் நீதான்.

இனி நான் உண்மையில் சொல்லவந்த விசயம். உள்ளே போனால் முதலில் இரு. நின்றபடி கையுறையை இழுத்துக்கொண்டு "எல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்காதே. இருந்து, ஹைஜீனிஸ்ட் சொல்வதைக் கேள், அதுவும் நோயாளியின் காதில் விழக் கேள். "இவவுக்குக் குளிர் குடித்தால் இடப்பக்கம் கூசுதாம். எலும்புத் தேய்வுக்குப் புதுசா ஊசி போடுறா. பதினேழாம் பல்லுக்குப் பின்னால போனமுறை நாலு மில்லிமீற்றர், இந்தமுறை ஆறு, இரத்தமும் வருது." அரை நிமிசம்கூட ஆகாது. எங்கே பார்ப்பது என்று உனக்குத் தெரிந்துவிடும். அந்த எலும்பு ஊசி இருந்தால் பல்லுப் பிடுங்குகிற கதையையே வேறுமாதிரித் தொடங்கவேண்டும் என்பதும் உன் மண்டையில் ஏறிவிடும். நோயாளியும் ஒரே செய்தியை இரண்டு வாயிலிருந்து கேட்கிறார், நம்புவார்.

அவள் அளந்ததை நீ திரும்ப அளக்காதே. 28 பல்லுக்குப் பல்லொன்றுக்கு ஆறு இடம் என்றால் 168 எண். அவ்வளவையும் கவனமாகச் சொல்லிப் பதிந்தவளுக்கு முன்னால் நீ கருவியை எடுத்து முதலிலிருந்து தொடங்கினால், நேரமும் போகும், அவளின் முகமும் போகும். சந்தேகமான இரண்டு இடத்தைப் பார், போதும். எனக்கு வாய்த்த டொக்டர்மாரில் ஒருவர் எப்போதும் முழுதாகத் திரும்ப அளப்பார். அவரிடம் எந்த ஹைஜீனிஸ்ட்டும் நிலைக்கவில்லை.

துப்புரவை டொக்டரே செய்யாமல் தனி ஆளிடம் விடத்தான் எங்கள் வேலையே தொடங்கினது. 1906 இல் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட்டில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் வைத்தியர், தன்னிடம் உதவியாளாக இருந்த ஐரீன் நியூமனுக்குத் துப்புரவு பழக்கினார். 1913 இல் அதற்கென்று பள்ளிக்கூடமே தொடங்கினார். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்கு இந்தப் படிப்பு 1951 இல் வந்தது. இன்னொன்றும் ஞாபகம் வைத்துக்கொள்: 2007 இலிருந்து ஒன்ராறியோவில் அனுமதி பெற்ற ஹைஜீனிஸ்ட், டொக்டரின் உத்தரவு இல்லாமலே துப்புரவு செய்யலாம், தனிக் கிளினிக்கும் போடலாம். உன்னிடம் இருக்கிற மூன்று பேரும் வேறு வழியில்லாமல் அங்கே இல்லை.

இப்படி மிச்சம் பிடிக்கிற நேரத்தை எங்கே செலவழிப்பது என்றும் சொல்கிறேன். நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து இரண்டு கரையையும், நாக்குக்கு அடியையும், கழுத்தில் கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்பதையும் நீயே பார். அதில் மட்டும் கெதியாய்ப் போகாதே. எங்கடை வயசான ஆக்கள் வந்தால் வெற்றிலை பாக்குப் போடுகிறவர்களா என்று தமிழிலேயே கேள்; ஆங்கிலத்தில் கேட்டால் வெட்கப்பட்டு இல்லை என்பார்கள். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் தரும். வாய் முந்தி மாதிரித் திறக்க ஏலவில்லை, காரம் எரிகிறது என்றால் கன்னத்தின் உட்பக்கம் நார்போல் இறுகியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்.

கிரவுன், இம்பிளான்ட், காசு, காப்புறுதி என்று நீட்டி விளக்குகிற கதையை ஹைஜீன் அறையில் வைக்காதே. என்ன பிரச்சினை, விட்டால் என்னவாகும் என்று இரண்டு வசனத்தில் சொல். மிச்சத்துக்கு முன்மேசைப் பிள்ளை இன்னொரு நாள் குறித்துக் கொடுக்கட்டும்.

புது ஆட்களையும் இதுக்குள் கலக்காதே. 2024 மே மாதம் அரசாங்கத்தின் பல் பராமரிப்புத் திட்டம் மூத்தவர்களுக்குத் தொடங்கின பிறகு, வருசக்கணக்காய்ப் பல் வைத்தியரைப் பாராத ஆக்களெல்லாம் வருகிறார்கள் என்று நீயே சொன்னாய். அவர்களுக்கு எட்டு நிமிசப் பரிசோதனை காணாது, முழுப் பரிசோதனைதான் வேண்டும். அவர்களுக்கு உன் கதிரையில் தனி நேரம் ஒதுக்கு.

அட்டவணையை உடனே மாற்ற ஏலாது, ஆறு மாதத்துக்கு முன்னமே ஆட்களைக் குறித்து வைத்திருப்பீர்கள். அது இனிக் குறிக்கிறவர்களிலிருந்து மாறட்டும். நடுவில் போய்ப் பார்க்கிறதை மட்டும் திங்கட்கிழமையே தொடங்கு. காலையில் பத்து நிமிசம் மூன்று பேரையும் கூட்டி வைத்து, யாருக்கு எத்தனை மணிக்கு நீ தேவை என்று அவர்களையே சொல்லச் சொல். உன் கிரவுன் வேலையைப் பார்த்து அவர்களே பிரித்துக்கொள்ளுவார்கள்.

அப்பா காரில் குளிர்கால ரயர் மாற்றிவிட்டாயா என்று கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா