அக்கா, நான் தனியாகவே ஏறிவிட்டேன்

அக்கா,

நேற்று காலை உச்சிப்பிள்ளையார் கோயிலுக்குப் போய்வந்தேன். தனியாக. வேறு யாராவது உன்னிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். போனில் சொன்னால் நீ அழுவாய், எனக்குக் கோபம் வரும், பேச்சு பாதியில் நின்றுபோகும்.

எனக்குக் கொரோனா வந்த 2021 மே மாதத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. நுரையீரல் பாதிப்பு 25க்கு 19 என்று ஸ்கேன் வந்ததும், அதற்குப் பிறகு நீ அலைந்ததும் உனக்குத்தான் முழுசாகத் தெரியும். வளையல் விஷயம் இங்கே வேண்டாம். மாமா படிப்பார், அவர் வீட்டுக்காரர்களும் படிப்பார்கள். கணக்கு என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு ஆஸ்பத்திரியைவிட, வீட்டுக்கு வந்த பிறகு கரண்ட் போன அந்த ராத்திரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஆக்சிஜன் தரும் கான்சன்ட்ரேட்டர் மிஷின் கத்திவிட்டு நின்றது. சிலிண்டர் மூலையில் இருந்தது, திறக்கிற சாவியைத்தான் காணோம். ஊரடங்கு, தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. நீ என்னைக் குப்புறப் புரட்டிப் படுக்க வைத்து முதுகில் கை வைத்தாய். "மூக்கால இழு. விளக்கை ஊதி அணைக்கிற மாதிரி மெதுவா விடு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." அந்த இருட்டில் எனக்கு உலகத்தில் மிச்சமிருந்தது உன் உள்ளங்கை மட்டும்தான். உன் கை நடுங்கவே இல்லை.

ஆனால் எண்ணுவதற்கு நடுவே ஒன்று சொன்னாய். "நீ போயிட்டா அம்மாவுக்கு நான் என்னடா பதில் சொல்றது?" பயத்தில் வந்த வார்த்தை என்று தெரியும். தெரிந்தும் நாலு வருஷமாக உறுத்துகிறது. நான் பிழைப்பது நீ அம்மாவுக்குச் சொல்லவேண்டிய பதிலா? அன்றைக்கு நான் "விடு, போறேன்" என்றது அந்த ஆத்திரத்தில்தான். அதற்கு இதுவரை உன்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. மன்னிச்சிடுக்கா.

கரண்ட் வந்ததும் நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தேம்பியதைப் பார்த்தேன். தூங்குவது போல் கிடந்தேன்.

அதற்குப் பிறகு எத்தனை மாதம்! ஸ்டீராய்டு 40 மில்லிகிராமிலிருந்து 5க்கு இறங்கும்வரை ஊதிய முகம், ஏறிய சர்க்கரை. மூச்சை இழுத்துப் பழகும் மூன்று பந்து கருவியில் முதல் பந்தே எழும்பாத காலை. ஆறு நிமிட நடைப் பரிசோதனையில் இரண்டாவது நிமிடமே ஆக்சிஜன் அளவு 84க்கு இறங்கி நிறுத்தச் சொன்னார்கள். நுரையீரலில் வீக்கம் மருந்துக்குக் கரையும், தழும்பாகிவிட்டது திரும்பாது என்றார் டாக்டர். காற்றிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடக்கும் அளவு அப்போது 48 சதவீதம். போன மாதம் 71. இதற்கு மேல் பெரிதாக ஏறாது என்கிறார். நான் அதை ஏற்றுக்கொண்டேன். நீ ஏற்கவில்லை.

இன்றைக்கும் நான் இருமினால் அடுப்படியிலிருந்து ஓடி வருகிறாய். கல்யாண வீட்டில் பத்துப் பேர் முன்னால் என் விரலை இழுத்து ஆக்சிமீட்டரில் மாட்டினாய். அன்றைக்குத்தான் முடிவு பண்ணினேன். என்னை நீயே கையைப் பிடித்து உச்சிக்குக் கூட்டி வருவதாக வேண்டிக்கொண்டது தெரியும். தெரிந்தேதான் உன்னை விட்டுவிட்டுப் போனேன். நீ கூட இருந்திருந்தால் படியைப் பார்த்திருக்கமாட்டேன், உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

நானூறுக்கும் மேற்பட்ட படி. டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் போனேன். 88க்குக் கீழே இறங்கினால் உட்கார்ந்துவிட வேண்டும் என்றார். தாயுமானவர் சன்னிதி தாண்டி ஒரு இடத்தில் 87 காட்டியது. உட்கார்ந்தேன். இதை உன்னிடம் மறைக்கலாம் என்றுதான் இருந்தேன். மூச்சு வாங்கியபோது என் வாய் தானாக எண்ணியது, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று. உன் குரலில்தான். மேலே போனபோது காவிரியில் வெயில் விழுந்திருந்தது, எதிரே ஸ்ரீரங்கம் கோபுரம். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்கினேன்.

தேங்காய் உடைக்கவில்லை. அது உன் வேண்டுதல், 21ம் அப்படியே பாக்கி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மாணிக்க விநாயகர் சன்னிதியில் நிற்கிறேன், வா. ஆக்சிமீட்டரை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

தம்பி